சுவரின் அடிமண்ணும் கணக்கில் வரட்டும்

கடலலையையும் கரைச்சுவரையும் கணினியில் ஆராய்வோர் கூடியுள்ள இந்த அவைக்கு, மலாக்காவில் தலைமை தாங்கக் கிடைத்தது பெரும்பேறு. இத்துறையில் என்னைவிட ஆழ்ந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் தயக்கமும் உண்டு.

கோடாவின் 1974 அழுத்தச் சூத்திரம் தொடங்கி இன்றைய துகள் முறைகள் வரை நீங்கள் அறிந்தவையே, கட்டுரையாளர்கள் விரித்துரைப்பார்கள். என் நேரத்தை ஒரு பழைய வழக்குக்கு ஒதுக்குகிறேன்.

1981இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. உடைந்து தெறிக்கும் நீர்ப்பரப்பைக் கட்டம் கட்டமாகத் தொடர ஹர்ட்டும் நிக்கல்ஸும் வழி கண்டார்கள். அதே ஆண்டு டெல்ஃப்டில் ஷியே ஷி-லெங், செங்குத்துச் சுவரின் முன் மணல் அரிக்கப்படுவதைத் தொட்டியில் சோதித்து எழுதினார். நுண்மணலில், நிலை அலையின் கணுவில் பள்ளம் விழும், எதிர்க்கணுவில் மணல் சேரும் என்று காட்டினார். முன்னதை மேற்கோள் காட்டாத ஆய்வேடு நம்மிடம் அரிது. பின்னதைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்?

மலாக்கா நீரிணையில் அலை சிறியது, சுமத்ரா காற்று வீசும் நேரம் போக அஞ்ச ஒன்றுமில்லை என்று மதிப்புக்குரிய நண்பர்கள் பல மேடைகளில் சொல்லி வருகிறார்கள். அவர்கள் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். அதன் அலைவு நேரத்தையும் பார்க்க வேண்டுகிறேன், கணு விழும் இடம் அதையும் பொறுத்தது. சுவரின் முன் 2 மீட்டர் ஆழம் என்று கொள்வோம். பெருங்கடலின் 10 விநாடி அலைக்கு முதல் கணு சுவரிலிருந்து ஏறத்தாழ 11 மீட்டர் தள்ளி விழும். 4 விநாடி அலையின் நீளமோ 16 மீட்டர்தான். கணு 4 மீட்டரிலேயே, அடிக்கற்களின் விளிம்பை ஒட்டி வந்துவிடுகிறது. சிறிய அலைக்கு வலு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தோண்டும் இடம் சுவரின் காலடி.

நம் மாதிரிகளில் பெரும்பாலானவை கடலடியைப் பாறையாகவே வைக்கின்றன. சுவர்மேல் விழும் அழுத்தத்தைத் தசம இடம் வரை சொல்லிவிட்டு, அந்தச் சுவர் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கேளாமல் விடுகிறோம். புதுச்சேரியைப் பாருங்கள். 1980களில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் எழுந்தன. வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டது. நகரின் கடற்கரை மறைந்தது. கல் கொட்டி நகரின் கரைச்சுவரைக் காத்தார்கள், அரிப்போ வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. நகராத கடலடி கொண்ட மாதிரியில் அந்தச் சுவர் வெற்றியாகவே தெரியும்.

கரை நகர்வதை அறியப் பழைய வரைபடங்களையும் பார்க்கலாம் என்று முன்பொரு கூட்டத்தில் சொன்னேன். "அவை வரலாற்றாசிரியர்களுக்கு" என்று மறுமொழி வந்தது. இந்த ஊரிலேயே அதற்கு விடை இருக்கிறது. வரைபடக்காரர் எரேடியா 1613இல் எழுதிய மலாக்கா விவரணம், சோழமண்டலத்தார் குடியிருந்த கம்போங்கைக் கடற்கரையில் வைக்கிறது. ஹீரன் தெரு வீடுகளின் பின்கட்டு ஒருகாலத்தில் கடலைத் தொட்டது. இன்று அங்கே மண் தூர்த்து எழுப்பிய நகரம். பழைய படங்களில் அளவுப் பிழை இருக்கும். என்றாலும் தூர்த்த நிலத்தைக் கழித்துவிட்டு, ஆற்றுவாயும் கரையும் எப்படி இடம் மாறின என்று பார்த்தால், எந்தத் தொட்டியும் தராத நீண்ட காலத் தரவு கையில் கிடைக்கும். அந்தக் கரைக்கோடுகளை எண்ணாக்கும் பணியை இந்த அவையே ஏற்க வேண்டும்.

இன்று கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் முதல் படத்திலேயே, கடலடியை அசையாமல் வைத்தீர்களா, அசையவிட்டீர்களா என்று சொல்லிவிடுங்கள். சொல்லாதவரிடம் நான் எழுந்து கேட்பேன்.