அயலூரும் நம் தொழிலும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஓர் ஊரின் தொழிலை அவ்வூரின் மண்ணும் நீருமே தீர்மானிக்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அயற்பிரதேசங்களுக்கும் அதிலே பெரும்பங்கு உண்டு என்பதே நான் இன்று கூற விரும்புவது. இங்கிலாந்து துணி நெய்து, போர்த்துக்கல் திராட்சை மது வடித்து, இரண்டும் பண்டமாற்றுச் செய்தால் இருவர்க்கும் நன்மையே என்று ரிக்கார்டோ என்னும் பொருளியல் அறிஞர் 1817ஆம் ஆண்டிலே விளக்கினார். அதற்கு உதாரணம் தேடி நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை.

நம் திருகோணமலைத் துறைமுகம் இயற்கையின் கொடை. உலகப் புகழ் வாய்ந்தது. ஆயினும் தீவின் வணிகம் கொழும்புக்கே சென்றது. காரணம் யாது? மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும், 1867இல் கண்டியை எட்டிய புகைவண்டிப் பாதை வழியே கொழும்பை அடைந்தன. 1875இல் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினர். நமக்கோ புகைவண்டி 1927இலேதான் வந்தது. ஆகவே நம் துறை போர்க்கப்பல்களின் தங்குமிடமாயிற்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை நீங்கியபோது, அதனை நம்பியிருந்த தொழில்களும் நலிந்தன.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நம் மாவட்டத்திலே கோதுமை விளைவதில்லை. எனினும் 1980 முதல் இங்கே பெரிய மாவாலை இயங்குகின்றது. பெருங்கப்பல் கோதுமையைக் கொணர்கின்றது. அரைத்த மா தீவெங்கும் செல்கின்றது. அயலூரார் உண்ணும் பாணே அவ்வாலைக்கு உயிர்!

உப்புவெளிக் கரையிலிருந்து நிலாவெளி வரை நாம் காணும் காட்சி வேறொன்று. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைப்பர். வாடைக்காற்றில் நம் கடல் குமுறும்போது ஊர் திரும்புவர். கடலைப் பங்கிடுவதில் பிணக்குகள் எழுவதும் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஐஸ் வேண்டும். படகின் இயந்திரம் திருத்த ஆள் வேண்டும். மீனைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல லொறி வேண்டும். இவையெல்லாம் நம் இளைஞர் செய்யக்கூடிய தொழில்கள் அல்லவா?

சகோதரர்களே! வேலை தேடி நம்மவர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போகின்றனர். போவதை நான் குறை கூறேன். போகுமுன், நம் அயலூருக்கு எது குறைவு, அதை நாம் கொடுக்க இயலுமா என்று ஒருமுறை கேளுங்கள். துறைமுகம் நமக்கு இருந்தும், அயல்நிலத்தோடு தொடர்பின்றி ஒருகாலம் வறிதே இருந்தது. அந்நிலை நம் கைத்திறனுக்கு வரலாகாது. பெரியோர்களே, இத்தொழில்களைப் பயில விழையும் பிள்ளைகளுக்குத் துணை நில்லுங்கள் என்று வேண்டி அமைகின்றேன்.