ஒற்றை டிரான்சிஸ்டர் தந்தி

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இப்போது மோர்ஸ் தட்டும் சத்தம் கிடையாது. 1999 பிப்ரவரி 1 முதல் ஆபத்து அழைப்பெல்லாம் செயற்கைக்கோள் வழியாகவோ டிஜிட்டல் வானொலி வழியாகவோதான்.

ஆனால் அமெச்சூர் வானொலிக்காரர்கள் மோர்ஸை விட்டபாடில்லை. ஒரு டிரான்சிஸ்டர், 7 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சில கெப்பாசிட்டர்கள், கம்பிச் சுருள், 12 வோல்ட் பேட்டரி, தட்டுவதற்கு ஒரு சாவி. டிரான்ஸ்மிட்டர் தயார்! அழுத்தினால் அலை கிளம்பும், விட்டால் நிற்கும். அரை வாட்தான் தேறும். ஆனாலும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

ஏரியலுக்கு 20 மீட்டர் செம்புக் கம்பி, கட்ட இரண்டு பனைமரம். தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும்; இணைப்புகளை மூடி வைக்கத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும்: மத்திய அரசின் தேர்வெழுதி, உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கிய பிறகே சாவியைத் தொடுங்கள்.