கடலிடை நின்ற எந்திரமும் கணக்குப் பார்க்கும் முறையும்

(அமராவதிபுதூரில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பற்றும் வரவும் பேசிப் பழகிய இச்சபையில் படகு எந்திரத்தைப் பற்றிப் பேச யாம் எழுந்திருப்பது உங்களுட் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் கடல் நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து சென்றே பொருளீட்டினர். நாம் வாழ்வது வறண்ட செம்மண் பூமியேயெனினும், கிழக்கே தொண்டிக் கடற்கரை நமக்கு எட்டாத தொலைவன்று.

அத்தொண்டியில் எமது குடும்பத்தார் ஒரு சிறு படகுக்கு முதல் போட்டிருந்தனர். அதன் பின்புறத்தில் மாட்டியிருந்தது பெட்ரோலால் ஓடும் வெளிப்பொருத்து எந்திரம். ஓர் ஆனி மாதத்தில், மீன்பிடிக்கச் சென்ற மூவர் திரும்பும் வேளையில் அவ்வெந்திரம் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்ததேயன்றி எந்திரம் உயிர்பெறவில்லை. மேல்காற்றோ படகைக் கரையினின்றும் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட கடல் எல்லை அத்திசையில் உள்ளது. அதனைக் கடந்தார் சிறைப்படுதலும் படகிழத்தலும் நாம் பத்திரிகைகளில் வாசிப்பனவே. அன்றிரவு அம்மூவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. மறுநாட் காலை வேறொரு படகினர் கண்டு கட்டியிழுத்து வந்தனர். இறைவன் திருவருளால் உயிர்ச்சேதமில்லை.

பழுது பார்த்தவர், மின்பொறியை ஆளும் சி.டி.ஐ. பெட்டி கெட்டதென்றார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கினோம். எந்திரம் ஓடிற்று. பத்து நாளில் மீண்டும் நின்றது! பின்னர் யாமே மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக நோக்கினோம். பெட்டியிலிருந்து எந்திர உடலுக்குச் செல்லும் கறுப்புக் கம்பி, அஃதாவது எர்த்துக் கம்பி, திருகாணியின் கீழ் பச்சைக் களிம்பேறி அற்றுப்போகும் நிலையிலிருந்தது. புதுப்பெட்டி மாட்டுகையில் அத்திருகாணியைக் கழற்றி முடுக்கியதால் களிம்பு சற்றே உராய்ந்து சில நாள் மின்னோட்டம் நடந்தது. அதனைப் புதுப்பெட்டியின் குணமென்று நம்பி ஏமாந்தோம். உப்புத்தாள் ஒரு துண்டும் கம்பி ஒரு சாணும் செய்திருக்கக்கூடிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டோம். பணம் போனது பெரிதன்று. பழுது தீர்ந்ததென்று நம்பி அம்மூவரை மீண்டும் கடலுக்கு அனுப்பினோமே, அதுவே இன்றும் எம் நெஞ்சை உறுத்துகிறது.

நிற்க. இவ்வகை எந்திரத்தை அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஓலே எவின்ரூட் என்பார் 1909 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். கயிறிழுத்து ஓட்டும் சிறு எந்திரத்தில் மின்பொறிக்கு பாட்டரி வேண்டுவதில்லை. காந்தம் பதித்த சக்கரம் கம்பிச் சுருளருகே சுழல, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இது 1831 இல் பாரடே கண்ட உண்மை. அம்மின்சாரத்தைப் பெட்டி சேர்த்துவைத்து உரிய கணத்தில் விடுக்க, காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பிளக்கின் நுனியில் பொறி பறக்கிறது. இவ்வழியில் ஓரிடத்தில் தடை நேரினும் எந்திரம் நிற்கும்.

இனிப் பழுது காணும் முறையைக் கூறுவோம். பேரேடும் ஐந்தொகையும் ஒட்டாதபோது நம் பெட்டியடிப் பையன்கள் என் செய்வர்? ஏட்டைக் கிழித்தெறிவரோ? பதிவு பதிவாக அன்றோ சரிபார்ப்பர்! அங்ஙனமே இங்கும் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லவேண்டும்.

முதலாவது, ஓட்டுபவர் கையிற் கட்டும் கயிற்றின் கொக்கி நிறுத்து சுவிட்சில் சரியாக மாட்டியுள்ளதா என்று பார்க்க. அது கழன்றிருந்தால் எத்தனை இழுத்தும் பயனில்லை.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றி நோக்குக. அது காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லையென்று கருதலாம்; நனைந்திருந்தால் பொறியையே ஐயுறவேண்டும். நல்ல பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எந்திர உடலில் நன்கு படும்படி வைத்துக் கயிற்றை இழுக்க. நீலப்பொறி படீரென்று பறந்தால் நலம். மங்கிய மஞ்சட்பொறி வலுவின்மையைக் காட்டும். இச்சோதனையைப் பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்திலோ, பிளக்குத் துளையின் அருகிலோ ஒருபோதும் செய்யற்க.

மூன்றாவது, இரண்டு சிலிண்டருள்ள எந்திரத்தில் ஒன்றில் மட்டும் பொறியில்லையேல், பழுது பெரும்பாலும் அதற்குரிய பிளக்கு, தொப்பி, தடித்த கம்பி, காயில் இவற்றில் இருக்கும். இரண்டிலும் இல்லையேல் இரண்டுக்கும் பொதுவானவற்றைத் தேடுக: நிறுத்து சுவிட்சு, எர்த்துக் கம்பி, மின்சாரம் பிறக்கும் சுருள் ஆகியன.

நான்காவது, நிறுத்து சுவிட்சினின்று வரும் கம்பியைப் பெட்டியருகே பிரித்துவிட்டுப் பார்க்க. அப்போது பொறி வருமாயின் குற்றம் சுவிட்சிலோ அதன் கம்பியிலோ உள்ளதென்பது திண்ணம். ஆனால் அந்நிலையில் ஓடும் எந்திரம் பொத்தானுக்கு அடங்காது. சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்தவேண்டும். கரை சேர்ந்ததும் முதல் வேலையாக அச்சுவிட்சைச் செப்பனிடுக. ஓட்டுபவர் கடலில் விழுந்தால் எந்திரத்தை நிறுத்தி அவரைக் காப்பது அதுவே.

ஐந்தாவது, எர்த்துக் கம்பிகளின் முனைகளையெல்லாம் கழற்றித் தேய்த்து முடுக்குக. கம்பி மேலே முழுமையாகத் தோன்றினும் உறைக்குள் முறிந்திருக்கலாம். மீட்டரை மாட்டிக்கொண்டு கம்பியை அசைத்துப் பார்த்தால் முறிவு வெளிப்படும். இருளில் எந்திரத்தை ஓட்டினால், வெடித்த உறையினின்று பொறி வெளியே தாவுவதைக் கண்ணாலேயே காணலாம். எந்திரம் கரைமீதிருக்குமாயின், குளிர்விக்கும் நீரின்றி நெடுநேரம் ஓட்டற்க. குளிர்ந்தபோது ஓடிச் சூடேறியபின் நிற்குமாயின் சுருளையும் காயிலையும் ஐயுறுக. இவற்றின் தடையை மீட்டரால் அளந்து எந்திரப் புத்தகத்திற் கண்ட அளவோடு ஒப்பிடுக. பெட்டியைச் சாதாரண மீட்டரால் முற்றும் சோதித்தறிய இயலாது. ஆகலின் ஏனைய யாவும் சரியென்று கண்ட பின்னரே அதனை மாற்றவேண்டும்.

இத்துணை இடருக்கும் மூலம் உப்பே. செம்புக் கம்பியும் அலுமினிய உடலும் உப்புநீரில் நனைந்து கூடுமிடத்தில் சிறியதொரு மின்கலமே உண்டாகி உலோகத்தை அரிக்கிறது. அரிப்பினைப் பற்றிய இவ்வறிவு நம் வாசலிலேயே வளர்ந்துள்ளது. டாக்டர் அழகப்பச் செட்டியார் அவர்கள் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பினை ஆராய்ந்து புகழ்பெற்றது. அத்தகைய கல்விக்கு நிலமீந்த சமூகத்தார், கம்பி முனையில் ஏறிய களிம்பை அறியாதிருத்தல் அழகாகுமா?

காப்பு முறைகள் எளியன. ஈயம் பூசிய செம்புக் கம்பியையே இடுக. முறுக்கி நாடா சுற்றுவதை விடுத்து, முனையை அழுத்திப் பொருத்தி, சூட்டிற் சுருங்கும் உறையால் மூடுக. கம்பி எங்கும் உராயாதபடி கட்டுக. கரை வந்ததும் எந்திரத்தை நன்னீரால் அலசுக. ஈரம் புகாத டப்பாவில் இரண்டு பிளக்கு, பிளக்குத் திறவுகோல், உப்புத்தாள், சிறிது கம்பி, கைக்கயிற்றின் மாற்றுக் கொக்கி, கைவிளக்கு இவற்றை வைத்தனுப்புக. மிதவைச் சட்டையும் துடுப்பும் இன்றிப் படகு புறப்படலாகாது.

சகோதரர்களே! முதல் போடுவதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணற்க. நம் முதலை நம்பி ஒருவர் கடலிற் செல்வாராயின், அவர் திரும்பி வருவதும் நம் கணக்கில் ஒரு பற்றேயாகும். நம் இளைஞர் விடுமுறைக் காலத்தில் இத்தொழிலைக் கைப்படக் கற்றுக் கடற்கரையாருடன் பகிர்ந்துகொள்வாராக.