கியர் பாக்ஸைக் கழற்றும் முன்...



1993ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் வீராவின் தயாரிப்பு 2009இல் நின்றது. ஆனாலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த நம்மவர் வீட்டு வாசல்களில் அந்தக் கார் இன்னும் நிற்கத்தான் செய்கிறது. கிளேபாங்கிலிருந்து பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவும், வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணை. அப்படிப்பட்ட காரில் ஆட்டோ கியர் மக்கர் செய்தால் வீட்டு வரவு செலவே ஆட்டம் கண்டுவிடும். பட்டறையில் "கியர் பாக்ஸ் போச்சு, ரீகான் மாத்தணும்" என்றதும் தலையாட்டி விடுகிறோம். என்னென்ன சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்பவர் குறைவு.

ஆட்டோ கியருக்கு இரத்தம் போன்றது எண்ணெய். எஞ்சினின் விசை டார்க் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய் வழியாகவே கியருக்குப் போகிறது. பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம்தான் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. ஆகவே, முதல் சோதனை எண்ணெய்தான்.

காரைச் சற்று தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்துங்கள். பிறகு அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். மிட்சுபிஷி வகைகளில் எஞ்சின் ஓட, கியர் 'என்'னில் இருக்க வேண்டும். டொயோட்டாவில் 'பி'யில் இருக்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்தியதும் பார்க்க வேண்டும். காரின் கையேட்டில் உள்ளதே இறுதி.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டரில் உள்ள குளிர்விப்பான் உடைந்து தண்ணீர் கலந்திருக்கக் கூடும். அதற்கு மேல் காரை ஓட்டவே வேண்டாம். அளவு குறைந்திருந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. ஒழுகும் இடத்தையும் அடைக்க வேண்டும்.

அடுத்து, நோயின் குறியைக் கவனியுங்கள். 'டி' போட்டுச் சில விநாடி கழித்துக் கார் நகர்ந்தால், எண்ணெய்க் குறைவோ அழுத்தக் குறைவோ காரணமாகலாம். கியர் போட்டதும் தூக்கிப் போட்டால், எஞ்சின் மவுண்டிங் உடைந்திருக்கலாம். எஞ்சினின் ஐட்லிங் வேகம் கூடியிருக்கலாம். கார் ஒரே கியரில் சிக்கிக்கொண்டாலோ, கியர் விளக்கு மின்னினாலோ, ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார், சோலனாய்டு, வயர் இவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம். இவையெல்லாம் கியர் பாக்ஸை மாற்றாமலே சரியாகக் கூடியவை.

எஞ்சின் உறுமியும் வேகம் கூடாமல், எண்ணெயில் உலோகத் துகளும் மினுங்கினால் கோளாறு உள்ளேதான். அப்போது எண்ணெய் மாற்றுவது வீண் செலவு. பிரித்துத்தான் ஆக வேண்டும். லாரிக்கு முன்னால் சாலையைக் கடக்கும்போது கியர் வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. தள்ளிப் போடாதீர்கள்.

எண்ணெய் சிவப்பாக இருந்தால் போதும் என்று எதையும் ஊற்றக் கூடாது. மிட்சுபிஷி கியர் கொண்ட பல கார்களுக்கு எஸ்பி-2 அல்லது எஸ்பி-3 வகை எண்ணெய் வேண்டும். 2011இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் போன்ற சிவிடி கார்களுக்கு எண்ணெயே வேறு. வார இறுதியில் கிளேபாங் கடற்கரைச் சாலையில் தேங்காய் ஷேக் குடிக்க வரும் கூட்டத்தில் கார் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது எண்ணெய் கொதிக்கிறது. சூடு ஏற ஏற அதன் ஆயுள் குறைகிறது.

கார் வழியில் நின்றுவிட்டால், முன்சக்கரத்தால் இயங்கும் ஆட்டோ காரை முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். முன்பக்கத்தைத் தூக்கியோ லாரியில் ஏற்றியோ கொண்டு போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, கழற்றும் முன்பே கோளாறையும் விலையையும் உத்தரவாதத்தையும் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிட வேண்டி வந்தால், பேசிய பேச்சை விடக் கையில் உள்ள ரசீதே உதவும். பணம் உங்களுடையது, கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதே.