பழைய கழலை திடீரென வளர்ந்தால்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசாமல் பாடசாலை நினைவுகளைச் சொல்லும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். ஒரு நினைவோடு தொடங்குகிறேன். நான் ஆண்டு ஒன்பதில் படிக்கும்போது சுகாதாரக் குழுவொன்று வந்து எங்களை வரிசையாக நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. எச்சில் விழுங்கச் சொன்னார்கள். நான் சிரித்துத் திட்டு வாங்கினேன். அவர்கள் தேடியது கழலையை. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. பிறகு அந்தக் கழலைகள் குறைந்தன.

ஆனால் அயடீன் குறைவு மட்டுமே காரணமல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்குவதாலும் கழலை வரும். 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை நான்கு நோயாளிகளில் கண்டு எழுதினார். நால்வரும் பெண்கள். இன்று தைரொக்சின் மாத்திரை எடுக்கும் பலருக்கு, இந்த மண்டபத்திலும் சிலருக்கு, இருப்பது அதுதான்.

பல வருடங்கள் நீடிக்கும் இந்த அழற்சியிலிருந்து மிகச் சிலருக்கு தைரொயிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உண்டாகிறது. மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து 60 மடங்குக்கும் அதிகம் என்று 1985இல் சுவீடன் ஆய்வொன்று கூறியது. பயப்பட வேண்டாம். மிக அரிதான ஒன்றின் 60 மடங்கும் அரிதுதான். தைரொயிட் புற்றுநோய்கள் நூறில் ஐந்துகூட இந்த வகை இல்லை.

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து, கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்தார். இருபது வருடக் கழலை ஆறு வாரத்தில் இரட்டிப்பாகியிருந்தது. குரல் கம்மிவிட்டது. கஞ்சி மட்டுமே இறங்கியது. இரவில் உட்கார்ந்தே தூங்கினார். கூட்டிவந்தால் மகளுக்கு ஒரு நாள் பேர் போய்விடும் என்று காத்திருந்திருக்கிறார்கள். முதலில் காட்டிய இடத்தில், பழைய கழலைதானே, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்களாம்.

மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தோம். வெறும் அழற்சி என்றே அறிக்கை வந்தது. இந்த நோயில் அப்படி ஏமாறுவது உண்டு. தடித்த ஊசியால் தசைத்துண்டு எடுத்த பிறகுதான் லிம்போமா என்று உறுதியானது.

“வயசான கழுத்துல கத்தி வைக்க வேணாம் டாக்டரம்மா” என்றார் மகள். கத்தியே தேவையில்லை என்றேன். கைவிட்டுவிட்டோம் என்று நினைத்து அவர் அழத் தொடங்கிவிட்டார். உண்மை வேறு. இதற்குப் பெரும்பாலும் சுரப்பியை அகற்ற வேண்டியதில்லை. இவருக்கு வந்த வேகமான வகைக்கு ரிடுக்சிமாப் உட்பட ஐந்து மருந்துகளை 21 நாளுக்கொரு முறை கொடுத்து, பிறகு கதிர்ச் சிகிச்சை செய்வார்கள். மெதுவாக வளரும் மால்ட் என்ற வகைக்குப் பல நேரங்களில் கதிர்ச் சிகிச்சை மட்டுமே போதும்.

முதல் வாரத்திலேயே வீக்கம் வற்றியது. ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். முடி கொட்டியதற்குத்தான் அதிகம் கவலைப்பட்டார், அதுவும் முளைத்தது. இன்றும் கிளினிக்குக்கு வருகிறார்.

அமெரிக்காவில் 1,408 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையின்படி, ஐந்து வருடத்தில் இந்த நோய்க்குப் பலியாகாதவர்கள் 79 சதவீதம். மால்ட் வகையில் 96. இதே வேகத்தில் வளரும் இன்னொரு தைரொயிட் புற்றுநோய் உண்டு. அதில் பெரும்பாலோர் சில மாதங்களே வாழ்கிறார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தசைத்துண்டுப் பரிசோதனையை நான் வற்புறுத்துவது அதனால்தான். அதற்கு முன் ஸ்டெரொயிட் மாத்திரை எடுத்தால் வீக்கம் தற்காலிகமாகச் சுருங்கி நோய் மறைந்துவிடலாம். மூச்சுத் திணறுகிறவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது என்பது வேறு விடயம்.

உங்களில் பலர் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறீர்கள்; லயத்து வீடுகளுக்குப் போய்வருகிறீர்கள். அறுபது கடந்த ஒருவரின் பழைய கழலை சில வாரங்களில் வளர்ந்தாலோ குரல் மாறினாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அந்த வாரமே பதுளை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சிகிச்சை இலவசம். பஸ் காசும் இழந்த பேரும் இலவசமல்ல என்பதை அறிவேன்; அந்த இடத்தில் நமது சங்கம் உதவலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

தேநீர் இடைவேளையில் நூலகத்தில் இருப்பேன். கழுத்தைக் காட்ட விரும்புபவர்கள் வரலாம். எச்சில் விழுங்கச் சொல்வேன், சிரித்தால் திட்டமாட்டேன்.