நோய்க்குப் பெயர் தெரியும் வரை



தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையுடன் திரும்பும் மனைவி, சிராங்கூன் சாலையில் நின்று நின்று திரும்பிப் பார்க்கிறார். கணவரின் நடை சுருங்கிவிட்டது. ஒரு கை வீசுவதே இல்லை. "வயசாச்சு" என்கிறார் அவர். பலதுறை மருந்தகம், அங்கிருந்து தேசிய நரம்பியல் கழகம், ஸ்கேன் என்று அலைந்த பிறகு கிடைக்கும் பதில்: "பார்க்கின்சனாக இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம்."

மருத்துவர் மழுப்புகிறார் என்று எண்ணவேண்டாம். பார்க்கின்சன் நோயைச் சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டாது. எம்ஆர்ஐ படமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். லெவோடோபா மருந்துக்கு உடல் இணங்குகிறதா, அடுத்து என்ன அறிகுறி தோன்றுகிறது என்று மாதக்கணக்கில் கவனித்தே சொல்லமுடியும்.

நடிகர் ராபின் வில்லியம்சுக்கு 2014 மே மாதம் பார்க்கின்சன் என்றார்கள். ஆகஸ்டில் அவர் காலமானார். லூயி பாடி எனும் மறதிநோய் அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அச்சம், தூக்கமின்மை, சந்தேகம், கைநடுக்கம் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் வந்த தொல்லைகளை, மனைவி சூசன் 2016-ல் 'நியூராலஜி' இதழில் நரம்பியல் மருத்துவர்களுக்கே விவரித்து எழுதினார்.

மருத்துவர் பார்ப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்! மற்ற நேரமெல்லாம் பார்ப்பவர் மனைவி. ஆகவே எழுதிவையுங்கள்: எப்போது விழுந்தார், கனவில் கத்திக் கைகால் உதைத்தாரா, கூடத்தில் இல்லாத குழந்தையைப் பார்த்தாரா? வெளியே சொன்னால் வெட்கம் என்று இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறைக்காதீர்கள். லூயி பாடி நோயாளிக்கு, இல்லாத உருவம் தெரிகிறது என்று ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்றும் காத்திருக்காது. எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் என்றாலே சொத்தை எழுதி வாங்குவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பின்னாளில் முடிவெடுக்க முடியாமற்போனால் தமக்காக யார் முடிவெடுப்பது என்பதை, 2010-ல் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டத்தின்கீழ் அவரே எழுதிவைக்கும் பத்திரம் அது. புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் செய்யமுடியும். நோயின் பெயர் உறுதியாகட்டும் என்று தள்ளிப்போட்டு, அதற்குள் தெளிவு போய்விட்டால், வங்கிக் கணக்கைக் கையாளக்கூட மனைவி நீதிமன்றம் போகவேண்டியிருக்கும்.

தனி வீட்டில் இருக்கும் மகன்களே, மகள்களே, "அம்மா பார்த்துக்கொள்கிறார்" என்று இருந்துவிடாதீர்கள். வாரத்தில் ஓர் இரவாவது நீங்கள் வந்து விழித்திருங்கள், அம்மா தூங்கட்டும். பராமரிப்பு உதவி பற்றிக் கேட்க ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060.