எட்டு நொடியும் பன்னிரண்டு ஆண்டும்



லோரான் ஃபிஞோன் என்ற பிரெஞ்சு சைக்கிளோட்ட வீரரை வழியில் பார்ப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: எட்டு நொடியில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைக் கோட்டைவிட்டவர் நீங்கள்தானே? இல்லை, அதை இரண்டு முறை வென்றவன் என்று அவர் பதில் சொல்வாராம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு உழைத்த ஒரு மனிதரை எட்டு நொடியை வைத்து எடைபோடுவது எந்த வகையில் நியாயம்?

ஃபிஞோன் 1960ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தவர். கண்ணில் வட்டக் கண்ணாடி, தலையில் பொன்னிற முடி. பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கி, பாதியில் விட்டுச் சைக்கிளுக்கு வந்தவர். அதனால் அவருக்குப் 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர். 1982இல் ரெனோ குழுவில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, ஏற்கெனவே நான்கு முறை டூர் வென்றிருந்த குழுத் தலைவர் பெர்னார் இனோ முழங்கால் காயத்தால் வர முடியாமல் போனது. முதன்முறையாக அந்தப் பந்தயத்தில் கால்வைத்த 22 வயது இளைஞர் வென்றுவிட்டார்.

இனோ இல்லாததால் கிடைத்த அதிர்ஷ்டம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 1984இல் இனோ வேறு குழுவுக்காகத் திரும்பி வந்தார். ஃபிஞோன் அவரை 10 நிமிடம் 32 நொடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஐந்து கட்டங்களில் தனி வெற்றியும் பெற்றார். முணுமுணுப்பு அதோடு அடங்கியது.

அதே ஆண்டு டூருக்கு முன்பு நடந்த இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை மறந்துவிடக் கூடாது. கடைசி நாள் காலையில் ஃபிஞோன் 1 நிமிடம் 21 நொடி முன்னணியில் இருந்தார். அன்றைய போட்டி, வீரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதும் தனிநபர் நேர ஓட்டம். தூரம் 42 கிலோமீட்டர். இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர், கம்பிகளுக்குப் பதில் முழுத் தட்டாக அமைந்த சக்கரங்களோடு வந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். தொலைக்காட்சி ஹெலிகாப்டர் மோசருக்குப் பின்னால் தாழப் பறந்து காற்றைத் தள்ளிக் கொடுத்தது என்று ஃபிஞோன் தரப்பு குறைகூறியது. அது எப்படியோ, கடைசி நாள், கடிகாரம், புதிய கருவி, தோல்வி. இந்த நான்கையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985இல் குதிகால் நரம்பில் அறுவைச் சிகிச்சை. அதன்பின் சில ஆண்டுகள் பழைய ஃபிஞோனைக் காண முடியவில்லை. 1988இலும் 1989இலும் மிலான் - சான் ரெமோ என்ற பெயர்பெற்ற ஒருநாள் பந்தயத்தை வென்று தலை நிமிர்ந்தார். 1989 ஜூனில், ஐந்து ஆண்டுகளுக்கு முன் கைநழுவிய இத்தாலியச் சுற்றையும் வென்றார். அடுத்து வந்தது ஜூலை.

எதிரே நின்றவர் அமெரிக்கரான கிரெக் லெமோண்ட். ரெனோ குழுவில் ஃபிஞோனுக்குப் பழைய தோழர். 1986இல் டூர் வென்றவர். 1987இல் வேட்டைக்குப் போன இடத்தில் மைத்துனர் தவறுதலாகச் சுட்டதால் சாவின் விளிம்பைத் தொட்டவர். சிறு ஈயக் குண்டுகள் சில அவர் உடம்பிலேயே தங்கிவிட்டன. ஆக, இருவருமே விழுந்து எழுந்தவர்கள்.

மூன்று வாரத்தின் பெரும்பகுதியில் மஞ்சள் ஜெர்சி இந்த இருவரிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். ஃபிஞோன் 50 நொடி முன்னணியில் இருந்தார். லெமோண்ட் வெல்ல வேண்டுமானால் கிலோமீட்டருக்கு இரண்டு நொடிக்கு மேல் பிடிக்க வேண்டும். நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள்.

லெமோண்டின் ஹேண்டிலில் முன்பக்கம் நீட்டிய ஓர் இணைப்பு இருந்தது. பனிச்சறுக்கு வீரரைப்போல இரு கைகளையும் சேர்த்து நீட்டி, முதுகைத் தாழ்த்தி, காற்றைக் கிழித்துப் போக அது உதவியது. தலையில் கூர்வால் தலைக்கவசம். ஃபிஞோனோ சாதாரண ஹேண்டில், வெறுந்தலை, காற்றில் பறக்கும் குதிரைவால் முடி. போதாக்குறைக்கு இருக்கை உராய்ந்து புண்ணாகிச் சரியாக உட்காரவே முடியாத நிலை.

லெமோண்ட் 26 நிமிடம் 57 நொடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 54.5 கிலோமீட்டர். ஃபிஞோன் எடுத்துக்கொண்டது 27 நிமிடம் 55 நொடி. 58 நொடி தாமதம். கையிருப்பு 50 போக, மிச்சம் அந்த எட்டு. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஃபிஞோன் தரையில் சரிந்தார்.

இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டும். அன்றைய ஓட்டத்தில் ஃபிஞோன் மூன்றாவது இடம். புண்ணோடு ஓட்டி, இரண்டு பேரைத் தவிர மற்ற அனைவரையும் முந்தியவரை மோசமாக ஓட்டினார் என்று யார் சொல்ல முடியும்? மூன்று வாரத்தில் கடந்தது 3,285 கிலோமீட்டர். வெற்றியாளரின் மொத்த நேரம் 87 மணி 38 நிமிடம் 35 நொடி. அந்தச் சராசரி வேகத்தில் எட்டு நொடி என்பது ஏறக்குறைய 83 மீட்டர். குறை சொல்வதென்றால் குழுவைச் சொல்லலாம். அந்தப் புதிய ஹேண்டில் கடைசி நாளில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே டூரின் முதல் வாரத்திலேயே லெமோண்ட் அதைக் கொண்டு ஒரு நேர ஓட்டத்தை வென்றிருந்தார்.

இன்னொருவரையும் பாருங்கள். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஸ்பெயினின் பெத்ரோ டெல்காடோ, அந்த டூரின் முதல் நாளில் புறப்படும் இடத்துக்கே 2 நிமிடம் 40 நொடி தாமதமாக வந்தார்! அதை உலகம் சிரித்துவிட்டு மறந்தது. கடைசிவரை போராடியவரைத்தான் மன்னிக்கவில்லை.

அதன்பின் ஃபிஞோன் எந்தப் பெரிய சுற்றுப் பந்தயத்தையும் வெல்லவில்லை. 1993இல் ஓய்வு பெற்றார். 2009இல் எழுதிய தன்வரலாற்றில், ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதையும் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துச் சைக்கிளோட்டத்தில் அது பரவலாக இருந்தது என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. ஆனால் யாரும் பிடித்துத் தள்ளாமல் அவரே வாய்திறந்து சொன்னார் என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அதே 2009இல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் டூர் வர்ணனையாளராக இருந்தவர், 2010 ஜூலையிலும் விடாமல் ஒலிவாங்கி முன் அமர்ந்தார். நோய் குரலைப் பிடித்திருந்தது. கரகரத்த குரலிலேயே, மற்றவர்கள் ஓட்டிய பந்தயத்தை நேயர்களுக்கு விளக்கினார். ஆகஸ்ட் 31ஆம் நாள் காலமானார். வயது 50.

பல நாட்டு ஏடுகள் வெளியிட்ட இரங்கல் செய்திகளில் 1983ஆம் ஆண்டு வெற்றியும் இருந்தது, 1984ஆம் ஆண்டு வெற்றியும் இருந்தது. எட்டு நொடியும் இருந்தது.